சிறை நெரிசலும் சிறைக்கு வெளியே இருக்கும் வழிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீதிமன்ற வளாகத்தில் சட்ட உதவி மேசைக்குப் பின்னால் சில வருடங்கள் உட்கார்ந்தால் ஒன்று புரியும். கைதியின் அம்மா கேட்பதையும், வார்டு கவுன்சிலர் கேட்பதையும், பேப்பர் படித்துவிட்டுச் சண்டைக்கு வருபவர் கேட்பதையும் எழுதிப் பார்த்தால் மொத்தமே இருபத்தொரு கேள்விதான் தேறும். அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை, தன்னார்வலர். உங்கள் வழக்குக்கு என்று தனியாக ஏதாவது தெரிய வேண்டுமானால் கடைசியில் சொல்லியிருக்கும் இடத்துக்குப் போங்கள்.

"ஜெயில்ல இடமில்ல, இடமில்லன்னு சொல்றாங்களே, அப்படி எத்தனை பேர்தான் இருக்காங்க?"

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 டிசம்பர் 31 அன்று இந்தியாவின் 1,330 சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். இருந்த இடமோ 4,36,266 பேருக்கு. 100 பேர் படுக்க வேண்டிய இடத்தில் 131 பேர். இது நாட்டின் சராசரி. டெல்லி, உத்தரப் பிரதேசம், உத்தராகண்ட் போன்ற இடங்களில் 150-ஐத் தாண்டிப் போனது.

131 என்று சொன்னால் "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாமே" என்று தோன்றும். ஆனால் அந்த 31 பேருக்காகக் கூடுதல் கழிப்பறை வராது, கூடுதல் டாக்டர் வரமாட்டார், மனு பார்க்கும் நேரமும், அதாவது குடும்பம் வந்து கைதியைப் பார்க்கும் நேரமும், நீளாது. மனு போட்டுவிட்டுக் காலையிலிருந்து வெயிலில் நின்ற குடும்பம், கம்பி வலைக்கு இந்தப் பக்கம் பத்துப் பேரோடு சேர்ந்து கத்திப் பேசிவிட்டுத் திரும்பும். நெரிசல் என்பதை நான் முதலில் பார்த்தது அங்கேதான், சிறைக்குள் அல்ல.

"உள்ள இருக்கறவன் எல்லாம் தப்பு பண்ணவன்தானே? நெருக்கிக்கிட்டுப் படுத்தா என்ன?"

அதிகம் வரும் கேள்வி இது. அதே 2022 கணக்கில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர். இவர்கள் குற்றம் செய்தார்கள் என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லவில்லை. தீர்ப்பு வந்து தண்டனை அனுபவிப்பவர்கள் மீதி ஒரு பங்குக்கும் குறைவு.

இவர்களில் சிலர் குற்றம் செய்திருக்கலாம், சிலர் செய்யாமலும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கத்தானே விசாரணை. 1979-ல் ஹுசைனாரா காத்தூன் வழக்கில் பீகார் சிறைகளைப் பற்றிய விவரம் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, குற்றம் நிரூபணமானால் கிடைத்திருக்கும் தண்டனையைவிட அதிக காலம் விசாரணைக் கைதியாகவே உள்ளே கிடந்தவர்கள் இருந்தது தெரிய வந்தது. விரைவான விசாரணை ஒவ்வொருவரின் உரிமை என்று நீதிமன்றம் சொன்னது அந்த வழக்கில்தான்.

"தமிழ்நாட்டுலயும் இதே கதியா?"

மொத்தக் கணக்கில் இல்லை. இங்கே சிறைகளில் இருப்பவர்களின் எண்ணிக்கை மொத்தக் கொள்ளளவைவிடக் குறைவாகவே இருந்து வருகிறது. சென்னை சென்ட்ரல் அருகே இருந்த பழைய சிறையிலிருந்து 2006-ல் புழலுக்கு மாறினார்கள். வேலூர், கடலூர், திருச்சி, சேலம், கோவை, மதுரை, பாளையங்கோட்டை என்று மத்திய சிறைகள் பரவலாகவும் இருக்கின்றன.

அதற்காக நிம்மதியாக இருந்துவிட முடியாது. சராசரி என்பது ஏமாற்றுகிற எண். ஒரு தாலுகா கிளைச் சிறை காலியாகக் கிடந்து, ஒரு மத்திய சிறையின் ரிமாண்ட் பிளாக் நிரம்பி வழிந்தாலும் சராசரி அழகாகத்தான் இருக்கும். இங்கேயும் உள்ளே இருப்பவர்களில் பாதிக்கு மேல் விசாரணைக் கைதிகள்தான். அப்புறம், தமிழ்நாட்டில் குண்டர் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

"பேசாம பெரிசா நாலு ஜெயில் கட்டிட்டா முடிஞ்சு போச்சே?"

பழைய, இடிந்து விழுகிற கட்டடத்துக்குப் பதில் புதிது கட்டுவது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் கட்டி முடிக்கும்போது அதுவும் நிரம்பியிருக்கும். தொட்டி நிரம்பி வழிகிறது என்று பெரிய தொட்டி வாங்குகிறோம். வெளியேறும் குழாய் அடைத்திருப்பதைப் பார்ப்பதில்லை. இந்தத் தொகுப்பு முழுக்க அந்தக் குழாயைப் பற்றித்தான்.

சட்டத்தில் வெளியே வரும் வழிகள் ஏற்கெனவே இருக்கின்றன. அவை அடைபடுவது பெரும்பாலும் ஒரு ரசீதில், ஒரு கையெழுத்தில், யாரும் போடாத ஒரு மனுவில்.

"ஜாமீன், பரோல், நன்னடத்தை... எல்லாம் ஒண்ணுதானே?"

மூன்றும் மூன்று கட்டம். ஜாமீன் அல்லது பிணை என்பது வழக்கு முடியும் வரை வெளியே இருக்க அனுமதி. தீர்ப்பு இன்னும் வரவில்லை. நன்னடத்தைப் பிணை என்பது குற்றம் நிரூபணமான பிறகு, சிறைக்கு அனுப்பாமல் "ஒழுங்காக இரு" என்று எழுதி வாங்கிக்கொண்டு கண்காணிப்பில் விடுவது. பரோல் என்று நாம் சொல்வது தண்டனைக் கைதிக்குத் தரும் விடுப்பு. வீட்டில் சாவு, கல்யாணம் என்று போய்விட்டுத் திரும்பி வர வேண்டும். இங்கே 1982-ன் தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி அது நடக்கிறது.

நெரிசலைக் குறைப்பதில் பரோலுக்குப் பெரிய பங்கில்லை. முதல் இரண்டுதான் விஷயம்.

"ஜாமீன் கிடைச்சு இருபது நாள் ஆச்சு. இன்னும் என் பையனை விடல. ஏன்?"

ஜாமீன் உத்தரவு என்பது பாதி வழிதான். அதில் "தலா பத்தாயிரம் ரூபாய்க்கு இரு நபர் ஜாமீன்" என்கிற மாதிரி ஒரு நிபந்தனை இருக்கும். அந்த இரண்டு பேரும் நேரில் வந்து, தங்கள் வசதிக்கு ஆதாரம் காட்டி, இவர் ஓடிப்போனால் அந்தத் தொகைக்கு நாங்கள் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தால்தான் விடுதலை உத்தரவு சிறைக்குப் போகும்.

ஒரு அம்மா மஞ்சப்பை நிறையக் காகிதத்தோடு வந்தார். ரேஷன் கார்டு நகல் இருந்தது, ஆதார் இருந்தது, இரண்டு போட்டோ இருந்தது. வீட்டு வரி ரசீது மட்டும் செத்துப்போன மாமனார் பெயரில். பெயர் மாற்றாமல் பத்து வருடமாக அதே பெயரில் வரி கட்டி வந்திருக்கிறார்கள். திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊராட்சிக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் அவர் அலைந்து முடிக்கும் வரை பையன் உள்ளே இருந்தான். குற்றத்துக்காக அல்ல, ரசீதுக்காக.

வெளியூர்க்காரர்கள் பாடு இன்னும் மோசம். 1978-ல் மோதி ராம் என்கிற கொத்தனார் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அவருடைய சகோதரர் ஜாமீன் நிற்கத் தயார். ஆனால் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மாஜிஸ்திரேட் ஏற்கவில்லை. நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கடுமையாகக் கண்டித்து, ஆயிரம் ரூபாய் சொந்தப் பிணையில் (ஜாமீன்தாரர் இல்லாமல், அவரே எழுதிக் கொடுத்து) விடச் சொன்னார். தெற்கிலிருந்து போன ஒருவர் வடக்கே எங்கோ மாட்டிக்கொண்டால் உள்ளூர் ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்பது அவர் எழுப்பிய கேள்வி. இன்று திருப்பூரில் பிடிபடும் பீகார்த் தொழிலாளிக்கும் அதே கேள்விதான்.

"ஜாமீன் நிக்க ஆளே இல்லைன்னா? கடைசி வரைக்கும் உள்ளதானா?"

இல்லை. 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் இதற்காகவே சில வழிமுறைகளைச் சொன்னது. ஜாமீன் உத்தரவு நகல் அன்றோ மறுநாளோ மின்னஞ்சலில் சிறைக்குப் போக வேண்டும். ஏழு நாளில் கைதி வெளியே வரவில்லையென்றால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்தில் பிணைப் பத்திரம் கொடுக்க முடியாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே பார்க்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று வற்புறுத்த வேண்டாம் என்றும் அதில் இருக்கிறது.

நடைமுறையில் "தானாக" என்பதை நம்பி உட்காராதீர்கள். நிபந்தனையைத் தளர்த்தக் கேட்டு மனு போடச் சொல்லுங்கள். சொந்தப் பிணையில் விடுங்கள், இரண்டு பேருக்குப் பதில் ஒருவர் போதும் என்று மாற்றுங்கள், ரத்த சம்பந்தம் உள்ளவர்தான் வேண்டும் என்பதை நீக்குங்கள் என்றெல்லாம் கேட்கலாம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: வளாகத்தில் காசுக்கு ஜாமீன் நிற்பவர்கள் வந்து பேசுவார்கள். போலி ரசீது வைத்திருந்தால் அது உங்கள் தலையில் விடியும்.

"ஏழைக் கைதிக்கு அரசாங்கமே பணம் கட்டுமாமே, உண்மையா?"

உண்மை. 2023-ல் மத்திய அரசு கொண்டுவந்த திட்டம். தொடங்கியபோது வைத்த வரம்பு: விசாரணைக் கைதியின் ஜாமீனுக்கு 40,000 ரூபாய் வரை, தண்டனை முடிந்தும் அபராதம் கட்ட முடியாமல் இருப்பவருக்கு 25,000 ரூபாய் வரை. கைதியின் கையில் தர மாட்டார்கள், நேராக நீதிமன்றத்தில் கட்டுவார்கள். மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளர், சிறை அதிகாரி, நீதிபதி ஒருவர் அடங்கிய குழு முடிவு செய்யும். ஊழல், கறுப்புப் பண மோசடி, போதைப்பொருள், உபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்) வழக்குகளுக்குக் கிடையாது.

இதில் ஒரு ஓட்டை. திட்டம் பணம் தருகிறது. நம்மூர் ஜாமீன் உத்தரவு பெரும்பாலும் ஆள் கேட்கிறது. இரு நபர் ஜாமீன் என்று எழுதியிருந்தால் அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதனால் முதலில் மேலே சொன்ன தளர்வு மனுவைப் போட்டு, ஆளுக்குப் பதில் ரொக்கம் என்று மாற்றிக்கொண்டால்தான் இந்தப் பணம் உதவும். இதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் திட்டம் தூங்குகிறது என்பது என் எண்ணம்.

"அறுபது நாள் ஆனா தானா விட்டுடுவாங்கன்னு சொன்னாங்களே?"

தானாக விட மாட்டார்கள், கேட்டால் விட வேண்டும். நீதிமன்றம் ரிமாண்ட் செய்த (காவலில் வைக்கச் சொன்ன) நாளிலிருந்து 60 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். மரண தண்டனை, ஆயுள், பத்து வருடம் அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றமானால் 90 நாள். தவறினால் ஜாமீன் கைதியின் உரிமை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் வந்த புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இது 187-வது பிரிவு.

61-வது நாள் மனு போடாமல் 63-வது நாள் போனால், 62-வது நாள் குற்றப்பத்திரிகை தாக்கலாகியிருக்கலாம். உரிமை போச்சு. காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். கிண்டல் செய்தவர்கள் உண்டு. வட்டம் போட்டவர்கள் பிழைத்தார்கள். போதைப்பொருள் வணிக அளவு வழக்குகளில் இந்தக் கெடு 180 நாள்.

"பாதித் தண்டனை கழிஞ்சா விடணும்னு புதுச் சட்டம் வந்திருக்காமே?"

அது முன்பே இருந்தது, இப்போது கொஞ்சம் தாராளமாகியிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சன்ஹிதாவின் 479-வது பிரிவு. ஒரு குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனை எவ்வளவோ அதில் பாதிக் காலம் விசாரணைக் கைதியாகக் கழித்தவரை ஜாமீனில் விட வேண்டும். இதற்கு முன் எந்த வழக்கிலும் தண்டிக்கப்படாதவரானால் மூன்றில் ஒரு பங்கு போதும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் 3 வருடம். முதல்முறை மாட்டியவர் 1 வருடம் உள்ளே இருந்துவிட்டால் போதும். மற்றவர்கள் ஒன்றரை வருடம். குடியிருக்கும் வீட்டில் நடக்கும் திருட்டுக்கு அதிகபட்சம் 7 வருடம். முதல்முறைக்காரருக்கு 2 வருடம் 4 மாதம். மரண தண்டனையோ ஆயுளோ விதிக்கக்கூடிய குற்றத்துக்கு இது பொருந்தாது. அரசு வழக்கறிஞரைக் கேட்டு, காரணம் எழுதி, பாதிக்கு மேலும் வைத்திருக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. கைதி தானே வாய்தா வாங்கி இழுத்தடித்த நாட்களும் கணக்கில் வராது.

இந்த மனுவைக் கைதி போடக் காத்திருக்க வேண்டியதில்லை. காலம் முடிந்ததும் நீதிமன்றத்துக்கு எழுதுவது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை என்று சட்டமே சொல்கிறது. 2024 ஆகஸ்ட் 23-ல் உச்ச நீதிமன்றம், ஜூலை 1-க்கு முன் பதிவான வழக்குகளுக்கும் இது செல்லும் என்று தெளிவாக்கிவிட்டது.

"என் தம்பி மேல ரெண்டு கேஸ் இருக்கு. முதல்முறைதான். அவனுக்கும் மூணுல ஒண்ணு உண்டா?"

இங்கேதான் சிக்கல். அதே 479-ன் இரண்டாவது உட்பிரிவு, ஒன்றுக்கு மேற்பட்ட குற்றமோ பல வழக்குகளோ நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகையில் விடக்கூடாது என்கிறது. ஒரே சம்பவத்துக்கு நாலு பிரிவு போட்டு வழக்குப் பதிவது போலீஸுக்கு வழக்கம். அப்படியானால் யாருக்குத்தான் இது பயன்படும் என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்வி.

ஆனால் இது 479-ன் வழியை மட்டுமே அடைக்கிறது. வழக்கமான ஜாமீன் மனு, நீண்ட நாள் விசாரணையின்றி வைத்திருப்பதைக் காட்டி உயர் நீதிமன்றத்தில் மனு, இதெல்லாம் திறந்தே இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், நோயாளிகளுக்கு ஜாமீன் விதியிலேயே தனிச் சலுகையும் உண்டு.

"நன்னடத்தைன்னா என்ன, சும்மா விட்டுடறதா?"

1958-ன் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். என்னைக் கேட்டால், நாம் அதிகம் வீணடிக்கிற சட்டம் இதுதான். சின்னக் குற்றமானால் கண்டித்து அனுப்பலாம். கொஞ்சம் பெரியதானால் மூன்று வருடம் வரை ஒழுங்காக இருப்பேன் என்று பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு, நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் விடலாம். நிபந்தனையை மீறினால் பழைய குற்றத்துக்குத் தண்டனை காத்திருக்கிறது. எனவே சும்மா விடுவது அல்ல.

21 வயதுக்குக் கீழே இருப்பவரை (ஆயுள் தண்டனைக்குரிய குற்றம் தவிர) சிறைக்கு அனுப்புவதானால், ஏன் அனுப்புகிறேன் என்று நீதிபதி காரணம் எழுத வேண்டும், அலுவலரின் அறிக்கையையும் பார்க்க வேண்டும். இன்னொரு பிரிவு, 12-வது: நன்னடத்தையில் விடப்பட்டவருக்கு அந்தத் தண்டனையால் வரக்கூடிய தகுதியிழப்பு எதுவும் ஒட்டாது. பத்தொன்பது வயதுப் பையனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று வேலைக்கு விண்ணப்பித்தவர்களுக்குத் தெரியும்.

நன்னடத்தை அலுவலரின் அறிக்கை இல்லாமல் இதெல்லாம் பெரும்பாலும் நடக்காது. அவர் வீட்டுக்கு வந்து, அக்கம்பக்கம் விசாரித்து, பையன் படிக்கிறானா, யாரோடு சுற்றுகிறான், அப்பா குடிக்கிறாரா என்று எழுத வேண்டும். பல வழக்குகளில் வழக்கறிஞரே இதைக் கேட்பதில்லை. தண்டனை பற்றிப் பேசும் கட்டத்தில் "நன்னடத்தைச் சட்டத்தின் கீழ் பரிசீலியுங்கள்" என்று ஒரு வரி கேட்கச் சொல்லுங்கள்.

"சமூக சேவை தண்டனைன்னு வந்திருக்கே, யாருக்குக் கிடைக்கும்?"

2024 ஜூலை 1 முதல், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த நியாய சன்ஹிதாவில் இது ஒரு தண்டனை. ஆறு குற்றங்களுக்கு மட்டும். மக்கள் அதிகம் சந்திக்கக்கூடியவை மூன்று: 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளை முதல்முறை திருடி, பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்தால், குடித்துவிட்டுப் பொது இடத்தில் ரகளை செய்தால், அவதூறு. மற்ற மூன்று அரசு ஊழியர் சட்டவிரோதமாக வியாபாரம் செய்வது, பிரகடனத்துக்குப் பிறகும் ஆஜராகாமல் இருப்பது, அரசு ஊழியரை வற்புறுத்தத் தற்கொலைக்கு முயல்வது. வேலைக்குக் கூலி கிடையாது.

எத்தனை மணி நேரம், எங்கே, யார் மேற்பார்வை என்று சட்டத்தில் இல்லை. நீதிபதி விருப்பம். அதனால் "மருத்துவமனையில் வேலை செய்" என்று உத்தரவு போட்டாலும், அங்கே வருகைப் பதிவேட்டில் யார் கையெழுத்து வாங்குவது என்ற கேள்வி நிற்கும். 2022-ல் அண்ணா சாலையில் பைக் சாகசம் செய்த இளைஞருக்குச் சென்னை உயர் நீதிமன்றம் விபத்துச் சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கச் சொன்னது பலருக்கு நினைவிருக்கும். அது ஜாமீன் நிபந்தனை, தண்டனை அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

"தினமும் ஸ்டேஷன்ல கையெழுத்துப் போடணும்னு போட்டுட்டாங்க. வேலைக்கு எப்படிப் போறது?"

சிறைக்கு வெளியே கண்காணிப்பு என்று நாம் இப்போது பெரும்பாலும் வைத்திருப்பது இதுதான்: காலை பத்தரை மணிக்கு ஒரு கையெழுத்து. எனக்குத் தெரிந்த லோடுமேன் ஒருவருக்கு அந்த நேரம்தான் லாரி வரும் நேரம். ஸ்டேஷனில் எழுத்தர் வரும் வரை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ஒரு மாதத்தில் வேலை போனது. அப்புறம் வாய்தாவுக்கு வரவும் பஸ் காசில்லை, வரவில்லையென்று பிடிவாரன்ட். மறுபடி உள்ளே. குழாயை அடைத்தது யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

வழி இருக்கிறது. நிபந்தனையைத் தளர்த்த மனு போடலாம். வாரம் ஒருமுறை என்றோ, மாலை நேரம் என்றோ, சொந்த ஊர்க் காவல் நிலையத்தில் என்றோ மாற்றித் தருவார்கள். வேலை கொடுத்தவரின் கடிதம் ஒன்று இருந்தால் நல்லது.

"வெளிநாட்டுல மாதிரி கால்ல கருவி மாட்டிவிட்டா ஜெயிலே வேண்டாமே?"

பேச்சு நடக்கிறது. 2023-ல் மத்திய அரசு அனுப்பிய மாதிரிச் சிறைச் சட்டத்தில், விடுப்பில் போகும் கைதிக்கு மின்னணுக் கருவி மாட்டலாம் என்று இருக்கிறது. அதே வருடம் நவம்பரில் ஜம்மு காஷ்மீரில் உபா வழக்கில் ஜாமீனில் வந்தவருக்கு மாட்டினார்கள்.

ஆனால் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், கைபேசி வரைபடத்தில் தன் இருப்பிடத்தைப் போலீஸுக்குத் தொடர்ந்து காட்ட வேண்டும் என்ற ஜாமீன் நிபந்தனையை, அந்தரங்க உரிமைக்கு எதிரானது என்று ரத்து செய்தது. என் பயம் வேறு. ரசீது இல்லாமல் உள்ளே கிடப்பவருக்குப் பதிலாக, முன்பு சும்மா ஜாமீனில் போயிருப்பவருக்கு இதை மாட்டிவிடுவார்கள். அப்படியானால் சிறையில் ஒரு ஆளும் குறையாது.

"குண்டாஸ் போட்டுட்டாங்க. ஜாமீன் எடுத்தாலும் வர முடியாதா?"

முடியாது. குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் 1982-ன் 14-ம் எண் சட்டம் தடுப்புக் காவல். நடந்த குற்றத்துக்கு அல்ல, இனி நடக்கலாம் என்பதற்காக. காவல் ஆணையரோ ஆட்சியரோ உத்தரவு போடலாம். 12 மாதம் வரை வைத்திருக்கலாம். மேலே சொன்ன 60 நாள், மூன்றில் ஒரு பங்கு எதுவும் இதற்குப் பொருந்தாது. பல வருடங்களாக நாட்டிலேயே அதிகத் தடுப்புக் காவல் கைதிகள் இருப்பது நம் மாநிலத்தில்தான்.

இரண்டு வழி. அரசுக்கும், தடுப்புக் காவல் சரிதானா என்று பார்க்கும் அறிவுரைக் குழுமத்துக்கும் முறையீடு செய்யலாம். உயர் நீதிமன்றத்தில், சென்னையிலோ மதுரைக் கிளையிலோ, ஆட்கொணர்வு மனு போடலாம். கைதிக்குக் கொடுத்த ஆவணம் படிக்க முடியாத நகல், தெரிந்த மொழியில் இல்லை, முறையீட்டைப் பரிசீலிக்கத் தாமதம் என்று நடைமுறைப் பிழைகளில் பல உத்தரவுகள் ரத்தாகின்றன. கொடுத்த ஒவ்வொரு தாளையும் பத்திரமாக வையுங்கள்.

"திறந்தவெளி ஜெயில்னு ஒண்ணு இருக்காமே?"

இருக்கிறது. சிவகங்கை மாவட்டம் புரசடை உடைப்பில் உள்ளது. கைதிகள் விவசாயம் பார்க்கிறார்கள். ராஜஸ்தானின் சாங்கானேரில் குடும்பத்தோடு தங்கி வெளியே வேலைக்குப் போய்வருகிறார்கள். ஆனால் இவை நன்னடத்தையுள்ள தண்டனைக் கைதிகளுக்கு. நான்கில் மூன்று பேராக இருக்கும் விசாரணைக் கைதிக்கு இதனால் பயனில்லை.

"சிறை மாநில அரசு விஷயம். எங்க நகராட்சி, ஊராட்சி இதுல என்ன பண்ண முடியும்?"

ஒரு கவுன்சிலர் கேட்டது. அரசமைப்புப்படி சிறை மாநிலப் பட்டியலில்தான் இருக்கிறது. ஆனால் மஞ்சப்பை அம்மாவை நினைத்துப் பாருங்கள். அவர் பையனை உள்ளே வைத்திருந்த ரசீது உள்ளாட்சி கொடுக்க வேண்டிய ரசீது. வரிப் பெயர் மாற்ற முகாம் ஒன்று வருடத்துக்கு ஒருமுறை நடத்தினாலே ஊரில் சிலர் சீக்கிரம் வீட்டுக்கு வருவார்கள்.

அடுத்தது சமூக சேவை. உத்தரவு போட நீதிபதி தயாராக இருந்தாலும் எங்கே அனுப்புவது என்று தெரியாது. நூலகம், பூங்கா, குளம் தூர்வாருதல் என்று வேலைகளின் பட்டியலும் பொறுப்பாளர் பெயரும் நகராட்சி எழுதி மாவட்ட நீதிபதிக்கு அனுப்பலாம். ஒரு எச்சரிக்கை: அவர்களை மலம் அள்ளவோ, பாதாள சாக்கடையிலோ இறக்கக்கூடாது. கையால் மலம் அள்ளுவது தடை செய்யப்பட்ட வேலை. ஏற்கெனவே கூலி வாங்கும் தூய்மைப் பணியாளரின் இடத்தில் இலவச ஆளாகவும் வைக்கக்கூடாது.

"எல்லாரையும் வெளிய விட்டா எங்க தெருவுக்கு யார் பொறுப்பு? நகை பறிகொடுத்தவ நான்."

இதைக் கேட்டவரிடம் என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. அவர் கழுத்தில் கீறல் இன்னும் ஆறவில்லை. யாரையும் கண்ணை மூடிக்கொண்டு விடச் சொல்லவில்லை. சாட்சியை மிரட்டுவார், ஓடிவிடுவார், மறுபடி செய்வார் என்று தெரிந்தால் ஜாமீன் மறுக்கலாம், கொடுத்ததை ரத்தும் செய்யலாம். அதைக் கேட்டு நீங்களும் மனு போட முடியும்.

அதோடு, அவரை இரண்டு வருடம் உள்ளே வைத்தால் உங்கள் நகை வராது. நன்னடத்தையில் விடும்போது உங்களுக்கு நஷ்ட ஈடு தரச் சொல்லும் அதிகாரம் அந்தச் சட்டத்தின் 5-வது பிரிவில் நீதிபதிக்கு உண்டு. அதைக் கேளுங்கள். பலர் கேட்பதே இல்லை.

"வக்கீல் வைக்கக் காசில்ல. யார்கிட்ட போறது?"

மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும், தாலுகாவில் வட்டக் குழு. காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். போகும்போது குற்ற எண், காவல் நிலையம், கைதான தேதி, எந்த சிறை, இந்த நான்கையும் எழுதிக்கொண்டு போங்கள். பாதி நேரம் மிச்சம்.

"எல்லாம் சரி. ரசீது கொடுத்து, ஆள் நிறுத்தி, ரிலீஸ் ஆர்டரும் போயிடுச்சு. வாசல்ல நிக்கிறோம், 'இன்னொரு கேஸ் இருக்கு'ன்றாங்க. இது என்ன?"

பி.டி. வாரன்ட். உள்ளே இருப்பவரை வேறொரு வழக்கில் ஆஜர்படுத்தச் சொல்லி இன்னொரு நீதிமன்றம் அனுப்பும் உத்தரவு. அந்த வழக்கிலும் ரிமாண்ட் ஆகிவிட்டால், இந்த வழக்கின் ஜாமீனால் கதவு திறக்காது. ஒவ்வொரு வழக்கிலும் தனித்தனி ஜாமீன், தனித்தனி ஜாமீன்தாரர், 60 நாள் கணக்கும் அந்தந்த ரிமாண்ட் தேதியிலிருந்து.

எனவே முதல் ஜாமீன் மனு போடும்போதே, இவர் பெயரில் வேறு வாரன்ட் நிலுவையில் உள்ளதா என்று சிறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். மனு பார்க்கும்போது கைதியிடமே கேட்டாலும் சொல்வார். அவருக்குத் தெரியும், எந்தெந்த ஸ்டேஷனில் தன் பெயர் இருக்கிறதென்று. இருந்தால் எல்லா வழக்குக்கும் ஒரே வாரத்தில் மனு போடுங்கள். இல்லாவிட்டால் மாலை ஆறு மணிக்கு, மாற்றுத்துணிப் பையோடு சிறை வாசலிலிருந்து வெறுங்கையாகத் திரும்ப வேண்டியிருக்கும்.